மனுவில் கையெழுத்துப் போட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பன்னேர்கட்டா ரோட்டில் நம் அடுக்ககத்தில் குடியிருக்கும், என் தம்பிக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கும் தமிழ்க் குடும்பத்தாருக்கு,

போன வாரம் அசோசியேஷன் எங்களுக்கு அனுப்பிய கடிதத்தை நீங்கள் எங்களுக்கு முன்பே படித்திருப்பீர்கள், எங்கள் கைக்கு வருவதற்குள் அது குரூப்பில் போட்டாகிவிட்டது. என் தம்பி வீட்டு ஆள் துணையில்லாமல் பூங்கா, மொட்டைமாடி, கிளப்ஹவுஸ் எங்கேயும் வரக்கூடாதாம். அவனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று மாதாமாதம் டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். இந்த அக்ரிமென்ட் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டாம் என்று எங்கள் வீட்டு ஓனருக்கும் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முடிவுக்கு ஆதாரமாகக் கடிதத்தின் பின்னால் சேர்த்திருந்தது உங்கள் மனு. கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் நம் ஆட்கள்.

கமிட்டிக்கு ஆங்கிலத்தில் பதில் தனியாகப் போய்விட்டது. உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் நாம் ஒருவரையொருவர் தேடிப்போய்ப் பழகியவர்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போதும் பொங்கலன்று கேட் பக்கத்தில் பானை வைக்கும்போதும் சேர்ந்து நின்றிருக்கிறோம். உங்களில் சிலருடைய பிள்ளைகளுக்கு என் அம்மாதான் ஹாலில் பாய் விரித்து உட்கார வைத்து அ, ஆ எழுதச் சொல்லிக்கொடுத்தார், இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லையே என்று நீங்களே கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். அவர்கள் வந்துபோன நாட்களில் என் தம்பி அடுத்த அறையில்தான் இருந்தான். அப்போதும் அவனுக்கு இதே மனச்சிதைவு (ஸ்கிட்ஸோஃப்ரீனியா) நோய்தான், இதே மாத்திரைதான். இப்போது நீங்கள் எழுதியிருப்பது "நம் குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிட்டு" என்று. அந்தக் குழந்தைகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, அந்த மாமா உங்களை என்ன செய்தார் என்று?

இதை வெளியில் எழுதுவதற்கு அவனுடைய சம்மதத்தை வாங்கித்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துப் பார்த்தான், ஓரிரு இடத்தில் மாற்றச் சொன்னான், மாற்றியிருக்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். மனுவில் நீங்கள் அவன் பெயர், வீட்டு எண், வயது எல்லாவற்றையும் எழுதி, "மென்டல் ப்ராப்ளம் உள்ள நபர்" என்றும் போட்டு, இத்தனை வீட்டுக்கும் அனுப்பியபோது இந்தச் சம்மதத்தை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

முதலில் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மனுவில் முதல் காரணமாக இருப்பது அதுதான். ராத்திரி பதினொன்றரைக்கு மேல் பி பிளாக்கைச் சுற்றி விடுவிடுவென்று நடக்கிறான், நிற்கிறான், திரும்ப நடக்கிறான், வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறது, மேல் மாடி பால்கனியிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பார்த்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் டாக்டர் அவனுடைய மாத்திரை டோஸைக் கூட்டியிருந்தார். மனச்சிதைவுக்குக் கொடுக்கிற சில மருந்துகளுக்கு அகதீசியா என்று ஒரு பக்க விளைவு உண்டு, மருந்து தொடங்கும்போதோ டோஸ் கூடும்போதோ வரும். கால் ஓரிடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் உள்ளுக்குள் யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஒரு தவிப்பு, எழுந்து நடந்தால் கொஞ்சம் அடங்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆள் வெறியேறி அலைகிற மாதிரி தெரியும், நோய் முற்றிவிட்டது என்றுகூடத் தோன்றும். உண்மையில் அது மருந்தின் வேலை. வீட்டுக்குள் நடந்து நடந்து பார்த்தான், கீழ் வீட்டுக்காரர் சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்று அவனுக்குக் கவலை, அதனால் கீழே இறங்கி நடந்தான். டாக்டரிடம் போய்ச் சொன்னோம். டோஸைக் குறைத்து, ப்ராப்ரனலால் என்று ஒரு மாத்திரை சேர்த்தார், ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கிற மாத்திரைதான் அது. கொஞ்ச நாளில் அந்தத் தவிப்பு அடங்கிவிட்டது. வீடியோதான் இன்னும் அடங்கவில்லை, போன மாதம் என் ஆபீஸில் வேலை செய்கிறவர் ஒருவர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

வாய் அசைந்தது வாய்ப்பாடு சொன்னதால். அவனுக்குக் குரல்கள் கேட்கும், மருந்தில் பெரும்பாலும் அடங்கியிருக்கும், முழுக்கப் போய்விடாது, களைப்பாக இருந்தால், தூக்கம் கெட்டால் சத்தம் கூடும். அப்போது வேறு எதையாவது வாய்விட்டுச் சொன்னால் அந்தக் குரல் பின்னால் போய்விடும், ஹம் பண்ணுவது, எண்ணுவது, காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பது எல்லாம் இதற்குச் சொல்லிக்கொடுக்கிற வழிகள்தான். இவன் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிடித்துக்கொண்டான், அப்பா சின்ன வயதில் மனப்பாடம் செய்யவைத்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு சொன்னால் போன் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள், அன்றைக்கு அது வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ராத்திரியில் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். இந்த மருந்துகளில் பல, உடம்பைப் பெருக்கவைக்கும், சர்க்கரையைக் கூட்டிவிடும். அவனுக்கும் எடை ஏறியது, ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அதனால்தான், மாத்திரைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம்தான் நடந்துகொண்டிருந்தான். பூங்காவில் அவன் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். லிஃப்டில் அவன் நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டான். உங்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்று அவனாகவே தேர்ந்தெடுத்த நேரம் அது. அதையே எடுத்து ஒரு மனிதனைக் குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இதில் பொறுக்கமுடியாத இடம் இதுதான்.

அப்புறம் சர்டிஃபிகேட். இன்னொரு மனிதன் வருங்காலத்தில் ஒருபோதும் எந்தத் தீங்கும் செய்யமாட்டான் என்று எந்த டாக்டரால் எழுதிக் கொடுக்க முடியும்? உங்களுக்கோ எனக்கோ அப்படி ஒரு தாள் கிடைக்குமா? அவனுடைய நோய் விவரத்தை மற்றவர்களிடம் சொல்லாமல் காப்பது டாக்டருக்குச் சட்டப்படியே கடமை. மாதாமாதம் செக்யூரிட்டி கேபினில் ஃபைல் போடுவதற்கு அவர் எப்படிக் கொடுப்பார்?

ஆபத்து என்கிறீர்கள், சரி, அதைப் பற்றியும் நேராகவே பேசுவோம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யார் மேலும் கை வைப்பதில்லை, அடி வாங்குகிறவர்களாகவும் ஏமாற்றப்படுகிறவர்களாகவும்தான் அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். தீவிரமான நிலையில் சிகிச்சையே இல்லாமல் இருக்கும்போது, கூடவே குடி சேர்ந்தால், ஆபத்து கூடலாம் என்பது உண்மை, நான் அதை மறைக்கப்போவதில்லை. சிகிச்சையில் இருந்தால் அது குறையும். சிகிச்சை எப்போது அறுந்துபோகிறது? வீடு மாறும்போது, ஊர் மாறும்போது, தூக்கம் கெடும்போது, அவமானப்பட்டு டாக்டரிடம் போகவே வெறுத்துப்போகும்போது. உங்கள் மனு கேட்பது இவை எல்லாவற்றையும்தான்.

இந்தச் சிகிச்சை எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் எதைக் கலைக்கிறீர்கள் என்று புரியும்.

நாங்கள் குடியாத்தம். அப்பா லுங்கி நெசவில் இருந்தவர். தம்பிக்கு இன்ஜினீயரிங் இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது, முதலில் தூங்கவில்லை, பிறகு ஹாஸ்டலில் பசங்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான், மெஸ் சாப்பாட்டில் என்னவோ கலக்கிறார்கள் என்று சாப்பிடுவதை விட்டான். ஊரில் செய்வினை என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள், ஒருவர் கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றார். குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கவைக்கச் சொன்னார்கள், அப்பா அழைத்துப்போனார், தங்கினார்கள். பெருமாளிடம் வேண்டிக்கொள்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா இன்றைக்கும் சனிக்கிழமை விரதம் இருக்கிறார். ஆனால் குரல்கள் நிற்கவில்லை.

அங்கேயே இன்னொரு குடும்பத்தார் சொல்லித்தான் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்துக்குப் போனோம். அங்கே நோயாளியோடு வீட்டு ஆளும் கூடவே தங்க வேண்டும். 1957-இல் அந்த மையம் ஆரம்பித்த காலத்திலிருந்து வருகிற வழக்கமாம். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது, ஏனென்றால் அதுவரைக்கும் எல்லாரும் "இவனை எங்கேயாவது விட்டுவிடுங்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா சமைத்துக்கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். மாத்திரையை எப்படிக் கொடுப்பது, எப்போது கவலைப்பட வேண்டும், எப்போது அவனைச் சும்மா விட வேண்டும், அவன் சொல்கிற பிரமையோடு சண்டை போடாமலும் ஆமாம் போடாமலும் எப்படிப் பேசுவது என்று எங்களுக்கும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். வீட்டில் கத்தல், குத்தல் பேச்சு, ஓயாமல் குறை சொல்வது இருந்தால் இந்த நோய் சீக்கிரம் திரும்பி வரும் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குச் சொன்னது அது. வெளியிலிருந்தும் அதே மாதிரி வார்த்தைகள் வந்துகொண்டிருந்தால் மட்டும் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

எனக்கு இங்கே வேலை கிடைத்தது, அப்பாவும் போய்விட்டார், மூன்று பேரும் பெங்களூருக்கு வந்தோம். நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்பது இந்த ஏரியாவில் வீடு பார்த்ததற்கு முக்கியமான காரணம், ராத்திரி எதுவும் ஆனால் ஒரே ஆட்டோவில் போய்விடலாம். அந்த ஓ.பி. வரிசையில் காலையில் போய் நின்று பாருங்கள், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த நம் மக்கள் எத்தனை பேர், சாப்பாட்டுத் தூக்கும் போர்வையுமாக. இந்த நாட்டிலேயே மனநலத்துக்கென்று இருக்கிற முக்கியமான இடங்களில் ஒன்று நம் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கே குடியிருக்கும் நமக்கு அதன் வாசல்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரியான டாக்டர் கிடைத்தது மட்டும் போதவில்லை. ஒரு மருந்து சரிப்படாமல் மாற்றினோம், அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்கத் தூங்கினான், இன்னொன்றில் கை நடுங்கியது. டாக்டருக்கு இருக்கிற சில நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பதால் ஒரு நோட்டுப் போட்டோம், தூக்கம், சாப்பாடு, எடை, குரல் எப்படி என்று அவனே எழுதுவான், அதை டாக்டர் முன்னால் வைத்துவிடுவான். மனநல சமூகப் பணியாளர் ஒருவர்தான் அவனை மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்பினார். நிம்ஹான்ஸில் அந்தப் பிரிவில் பேக்கரி, தறி, அச்சு வேலை, தோட்ட வேலை என்று பழக்குகிறார்கள். இவன் தறியைத் தொடவில்லை, அப்பா ஞாபகம் வந்துவிடும் என்றான். தோட்டம் பிடித்தது. இப்போது இந்த ரோட்டிலேயே ஒரு நர்சரியில் காலையில் அரைநாள் வேலைக்குப் போகிறான். அரசாங்கம் கொடுக்கிற ஊனமுற்றோர் அட்டை, யூ.டி.ஐ.டி., வாங்கியிருக்கிறோம், மனநோய்க்கும் அது உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. இத்தனையும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் அவனை நிறுத்தியிருக்கிறது. இதில் நடையும் உண்டு, கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் "ஊட்ட ஆய்த்தா" (சாப்பாடு ஆச்சா) என்று கேட்பதும் உண்டு, அதற்கு இவன் சிரித்துத் தலையாட்டுவதும் உண்டு.

அவன் வேலைக்குப் போகிறான், சம்பாதிக்கிறான், ஆகவே இங்கே இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையும் செய்யமுடியாமல் வீட்டிலேயே படுத்திருந்தாலும் அவன் இங்கே இருக்கலாம். நாளைக்கே மறுபடி உடம்புக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தாலும், திரும்பி வருகிற வீடு இதுதான்.

கமிட்டியில் ஒருவர், அடுக்ககத்தின் உள்விதிகளை அமைக்க அசோசியேஷனுக்கு முழு உரிமை உண்டு என்று பேசினாராம். அதனால் சட்டத்தையும் சொல்கிறேன். 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் சமூகத்தில் வாழவும், அதன் பகுதியாக இருக்கவும், அதிலிருந்து ஒதுக்கிவைக்கப்படாமல் இருக்கவும் உரிமை உண்டு என்கிறது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் பட்டியலில் இருக்கிறது. பலர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தும் நோக்கத்தோடு அவர்களை இழிவாகப் பேசினால், மிரட்டினால், அந்தச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம்வரை சிறைத்தண்டனை உண்டு. வீடியோவை ஃபார்வர்டு செய்தவர்கள், அதன் கீழே எழுதியவர்கள் இதை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். உங்கள் யார் மேலும் புகார் கொடுக்க எனக்கு ஆசையில்லை. உங்கள் வீட்டுப் பாத்திரம் இன்னும் என் சமையலறையில் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், நம் ஊர்க்காரர்கள் என்பதால். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் என்ன நடந்தது என்று உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விடிகாலையில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள், தப்பித்து ஓடமுடியவில்லை, காலில் சங்கிலி. அவர்கள் யாரும் வானத்திலிருந்து வந்து அங்கே விழுந்துவிடவில்லை. ஒரு தெருவில், ஒரு வீட்டில் இருந்தவர்கள்தான். அக்கம்பக்கத்தார் முணுமுணுக்க, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்ல, குடும்பம் கடைசியில் வழிதெரியாமல் கொண்டுபோய் விட்ட பிள்ளைகள் அதில் எத்தனை பேரோ. சங்கிலி போடுவதை இன்றைக்குச் சட்டம் தடை செய்திருக்கிறது. சங்கிலிக்கு முன்னால் நடப்பவை அப்படியேதான் நடக்கின்றன. எங்களை அடுத்த அடுக்ககமும் அதற்கடுத்ததும் இதே மாதிரி அனுப்பினால் என் அம்மா எங்கே போவார்?

இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். மனு சுற்றுக்கு வந்த பிறகு, கையெழுத்துப் போட்ட வீடுகளிலிருந்தே என்னிடம் தனியாகப் பேசியவர்கள் உண்டு. ஒருவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மகள் யாரிடமும் பேசுவதில்லை. ஒருவருடைய கணவருக்கு வேலை போனதிலிருந்து தூக்கமில்லை, என்னென்னவோ பேசுகிறார். எந்த டாக்டரிடம் போவது, எவ்வளவு ஆகும், வெளியில் தெரிந்துவிடுமா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர்கள் யார் என்பது என்னோடு இருக்கும், அதில் பயம் வேண்டாம், இங்கே சொல்லியிருப்பதிலும் ஆள் தெரியாதபடி விவரத்தை மாற்றியிருக்கிறேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு ஏன் என்னிடம் வந்தார்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. எல்லாரும் போடும்போது நாம் போடாவிட்டால் நம் வீட்டைச் சந்தேகப்படுவார்களோ என்கிற பயம்தான் அது, எனக்குப் புரிகிறது.

நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போதே ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது தெரியவந்தது. பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். நம் அடுக்ககத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே ஆய்வு, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காமல் இருப்பவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்வரை என்றது. டாக்டர்கள் குறைவு, தூரம், செலவு எல்லாம் காரணம்தான். ஆனால் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிற, செலவு செய்ய வசதியும் இருக்கிற நம்மை மாதிரி ஆட்களை எது தடுக்கிறது? என் தம்பிக்கு நீங்கள் செய்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை, தனக்கு ராத்திரியெல்லாம் அழுகை வருகிறது என்று இனிமேல் வீட்டில் வாயைத் திறக்குமா? எனக்கு என் தம்பியைப் பற்றிய கவலைக்குச் சமமாக இந்தக் கவலையும் இருக்கிறது.

செக்யூரிட்டி விஷயம் ஒன்று பாக்கி. வீடியோ வந்ததற்கு அடுத்த ராத்திரி, யாரோ சொல்லி மூன்று பேர் தடியோடு அவனைச் சுற்றி நின்றுவிட்டார்கள், டார்ச்சை முகத்தில் அடித்து. பயந்து நடுங்கிக்கொண்டிருந்த ஆளை அப்படிச் சுற்றினால் என்ன ஆகும்? அவன் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். 112-க்கும் போன் போயிருக்கிறது. வந்த போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னடத்தில் மெதுவாகப் பேர் கேட்டார், ஏதாவது சாப்பிட்டாயா என்றார், நான் கொண்டுவந்த மாத்திரைச் சீட்டைப் பார்த்தார், வீட்டுக்கு அழைத்துப்போங்கம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஐந்து நிமிஷ வேலை. அதை நம் ஆட்களில் யாராவது ஒருவர் செய்திருக்கலாம், கீழே நிறையப் பேர் நின்றிருந்தீர்கள்.

இனி நான் உங்களிடம் கேட்பவை.

மனுவிலிருந்து உங்கள் கையெழுத்தை எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாக என்னிடம் "தப்பா நினைக்காதீங்க" என்று சொல்வது போதாது, கமிட்டி கையில் வைத்திருப்பது தாள்.

வீடியோவை உங்கள் போனிலிருந்தும் எல்லா குரூப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள், யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

பூங்காவுக்கும் மொட்டைமாடிக்கும் உங்களுக்கு என்ன நேரமோ என்ன விதியோ அதுவே அவனுக்கும் என்று கமிட்டியிடம் சொல்லுங்கள். சர்டிஃபிகேட் பேச்சை எடுக்க வேண்டாம் என்றும்.

எங்கள் ஓனருடைய நம்பர் உங்களில் சிலரிடம் இருக்கிறது, அவரோடு நல்ல பழக்கம் உண்டு. அவர் மோசமான மனிதர் இல்லை, நெருக்கடி கொடுத்ததால் தயங்குகிறார். இந்தக் குடும்பம் இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு போன் பண்ணுங்கள்.

அவனைப் பற்றி எப்போதாவது கவலையாக இருந்தால், அது நள்ளிரவு இரண்டு மணியானாலும், முதலில் எனக்கு அல்லது அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். செக்யூரிட்டி ஆட்களிடம் சொல்ல வேண்டியதும் கஷ்டமானது இல்லை, சுற்றி நிற்கக்கூடாது, தடி வேண்டாம், டார்ச்சைத் தரையில் அடிக்க வேண்டும், ஒருவர் மட்டும் மெதுவாகப் பேச வேண்டும், பின்னாலிருந்து தொடக்கூடாது.

ஒவ்வொரு பிளாக் லிஃப்ட் பக்கத்திலும் 14416 என்ற எண்ணை ஒட்டுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மனுவுக்குக் கையெழுத்து வாங்கியவர்களே இதையும் ஒட்டிக்கொடுத்தால் எனக்குச் சந்தோஷம். அப்படியே கிளப்ஹவுஸில் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஏற்பாடு செய்தால், குடும்பங்களோடு வேலை செய்கிற மனநல சமூகப் பணியாளர் ஒருவரை அழைத்துவருகிறேன், தமிழிலும் கன்னடத்திலும் பேசுவார், கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.

தம்பி கேட்டது ஒன்று இருக்கிறது, அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "லிஃப்டில் நான் இருந்தால் ஏறுங்கள். பேச வேண்டாம், ஏறினால் போதும்."

பொதுக்குழு வரும் ஞாயிறு காலை பத்தரைக்கு. நானும் அம்மாவும் வருகிறோம், அவனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறவர்கள் செயலாளருக்கு ஒரு வரி மெயில் அனுப்பினால் போதும், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுங்கள், அப்போதுதான் அது கூட்டத்தின் அஜெண்டாவில் சேரும்.

பி பிளாக்கிலிருந்து,
அவனுடைய அக்கா